கரடிக்கு வாய்தா

புள்ளைய அந்தப் பக்கமா மாத்திப் போட்டுக்கங்க தம்பி. வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது பாருங்க. ம், அப்படித்தான். கழுத்துக்குக் கீழ கையக் குடுத்துக்கங்க, பஸ்சு பள்ளத்துல எறங்குனா தலை ஆடும். இந்த உசிலம்பட்டி ரோடு எனக்குத் தெரியாததா? பொம்பளப் புள்ளையா? நல்லது. எனக்கும் பேத்திதான். தன்ஷிகான்னு பேரு. அவ அப்பன் வச்ச பேரு, வாயில நொழையாது. நான் தன்ஷின்னு கூப்புடுவேன்.

கூப்புடுவேன்னா சொன்னேன்? கூப்புட்டேன். இப்ப எங்க கூப்புடுறது?

நீங்க எது வரைக்கும்? ஆரப்பாளையம் போயி திருப்பூர் பஸ்சா? அட. எம் பேத்தியும் திருப்பூர்லதான் இருக்கு. நான் அங்க போகல. நான் காளவாசல்ல எறங்கி வேற பஸ்சு புடிச்சு கோர்ட்டுக்குப் போறேன். கேஸு போடப் போறேன். யார் மேலயா? எம் மக மேல. மருமகன் மேலயும்தான், ஆனா அவன் ரெண்டாவது எதிரி. மொத எதிரி எம் மகதான்.

முழிக்காதீங்க தம்பி. கேட்டா ஞாயம் தெரியும். காளவாசல் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

நான் கோர்ட்டுல டவாலியா இருந்தவன். சிவப்புப் பட்டைய நெஞ்சுக்குக் குறுக்க மாட்டிக்கிட்டு, வாசல்ல நின்னு பேரச் சொல்லி மூணு தடவ கூப்புடுவாங்களே, அந்த டவாலி. ஜட்ஜு ஐயா பெஞ்சுக்கு வர்றப்ப முன்னால நடந்து வந்து அம்புட்டுப் பேரையும் எந்திரிக்க வைக்கிறதும் நான்தான். வக்கீலு எவ்வளவு பெரிய ஆளா வேணா இருக்கட்டும், மலைச்சாமி வாயத் தெறந்தாத்தான் கேஸு உள்ள வரும். நான் கூப்புடாம எவனும் அந்த வாசப்படிய மிதிச்சதில்ல. வயசு முடிஞ்சு வீட்டுக்கு அனுப்புனப்ப பட்டையத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. தொண்டைய வாங்க முடியுமா?

வீட்டுக்காரி முன்னாடியே போய்ச் சேந்துட்டா. ஒத்த மக, பூங்கொடி. அவளைத் திருப்பூர்ல பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தனுக்குக் குடுத்தேன். ராஜபாண்டின்னு பேரு. பொய் சொல்லக்கூடாது, ஆரம்பத்துல மாமா மாமான்னுதான் கெடந்தான். எல்லாம் அந்தக் காதுகுத்து வரைக்கும்தான்.

பேத்திக்கு நாலு வயசுல காது குத்துனாங்க. அவங்க குலசாமி கோயில்ல பந்தலு, கெடா வெட்டு, மைக்செட்டு எல்லாம் தடபுடல். மாமன் மடியில வச்சுத்தான் காது குத்தணும், ஒங்களுக்குத் தெரியாததில்ல. எம் மகளுக்குக் கூடப் பொறந்தவன் கெடையாது. அப்ப யாரு மடி? தாத்தன் மடிதான? நான் புது வேட்டி கட்டி, துண்டு போட்டு, முன்னால போய் ஒக்காந்திருக்கேன். பாத்தா, என் தம்பி மவன் வெள்ளையப்பன் சீர் தட்டத் தூக்கிக்கிட்டு வர்றான். எனக்கும் என் தம்பிக்கும் வண்டிப் பாதைத் தகராறுல பேச்சு நின்னு போயி எத்தனையோ வருஷமாச்சு. அவன் மவனை எம் மருமகன் வெத்தல பாக்கு வச்சு அழைச்சிருக்கான். கேட்டா, ‘பூங்கொடிக்கு அண்ணன் மொறைல்ல மாமா, அவர் மடிதான மொறை’ங்கிறான். எனக்கு மொறை சொல்லிக் குடுக்குறான்!

மைக்குல ‘தாய்மாமன் வெள்ளையப்பன் முன்னால வரவும்’னு கூப்புடுறாங்க தம்பி. என் காது கேக்க இன்னொருத்தன் பேரக் கூப்புடுறாங்க. ஒரு தடவ இல்ல, மூணு தடவ.

காது குத்தி முடிஞ்சதும் நான் எந்திரிச்சுட்டேன். எலையில கை வைக்கல. நேரா பஸ் ஸ்டாண்டு. எம் மக, ‘அப்பா, அப்பா’ன்னு புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடியாந்தா. புள்ளை காதுல மஞ்சளும் ரத்தமும் காயல. அப்ப அவ புருஷன் சொன்னான், ‘போனா அப்பன் வீட்டுலயே இருந்துக்க’ன்னு. அம்புட்டுச் சனத்துக்கு முன்னால. அந்த ஒத்த வார்த்தை போதாதா? நான் மகளை வான்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. ‘அவன் வரட்டும், வந்து தப்புன்னு சொல்லட்டும், அப்பறம் பாப்போம்’னேன். இதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க.

ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்த புதுசுல புள்ளை பேசவே பேசாது. கவுனு நுனியத் தூக்கி வாயில வச்சுச் சப்பிக்கிட்டே மூலையில நிக்கும். எம் மக உசிலம்பட்டியிலயே ஒரு ரத்தப் பரிசோதனை லேபுல வேலைக்குச் சேந்துட்டா. காலையில போனா பொழுது சாயத்தான் வருவா. வீட்டுல நானும் புள்ளையும்தான். ஆக்குறது, குளிப்பாட்டுறது, பேன் பாக்குறது எல்லாம் நான். சடை பின்னுவேன் தம்பி. ஆம்பளை பின்னுன சடைன்னு ஒருத்தர் சொல்லிற முடியாது.

பேசாத புள்ளைய எப்படிப் பேச வைக்கிறது? எனக்குத் தெரிஞ்ச வெளையாட்டு ஒண்ணே ஒண்ணுதான். அரிசி டின்னைக் கவுத்துப் போட்டு அதுமேல ஒக்கார வச்சேன். தோள்ல ஒரு கறுப்புத் துணி. ‘தாயி, நீதான் ஐயா, நான் டவாலி’ன்னேன். மக சேலையில ஒரு கரையக் கிழிச்சு எனக்குச் சிவப்புப் பட்டை. பொம்மைங்கள எல்லாம் வாசப்படிக்கு வெளிய வரிசையா ஒக்கார வச்சேன். ‘யானை, யானை, யானை’ன்னு தொண்டையத் தெறந்து கூப்புட்டு, யானைய உள்ள கொண்டாந்து நிப்பாட்டுனேன். புள்ளை வாயிலருந்து கவுனு தானா நழுவுச்சு. சிரிச்சிருச்சு. எங்க வீட்டுக்கு வந்து அது சிரிச்சது அன்னைக்குத்தான்.

அதுலருந்து தெனமும் எங்க வீட்டுல கோர்ட்டுதான். எழுத்தெல்லாம் அதுலதான் படிச்சுச்சு. யானைக்கு என்ன எழுத்து, குருவிக்கு என்ன எழுத்து, தரையில எழுதிக் காட்டுனாத்தான் அந்தக் கேஸக் கூப்புடுவேன். எண்ணு படிச்சது வாய்தாவுல. இன்னைக்கு விட்டு ஒரு வாரம் தள்ளி வாய்தான்னா என்னைக்கு? காலண்டர்ல வெரலை வச்சு எண்ணும். கெழமை பூராம் தலைகீழாச் சொல்லும். சோறு ஊட்டுறது கூட அப்படித்தான். வாதிக்கு ஒரு வாய், பிரதிவாதிக்கு ஒரு வாய், சாட்சிக்கு ஒரு வாய், ஐயாவுக்கு ஒரு வாய்னு சொன்னா கிண்ணம் காலி. பள்ளிக்கூடத்துல சேத்தப்ப டீச்சரம்மா, ‘வகுப்புலயே ஒங்க பேத்திக்குத்தான் நல்ல குரலு’ன்னுச்சு. அது யாரு குரலு? எங்கிட்டருந்து போனது.

என்னையக் குத்தம் சொல்ல எல்லாரும் அந்தக் கரடி கேஸத்தான் புடிச்சுக்கிட்டாங்க. ஹெல்மெட்டு போட்ட கரடி ஒண்ணு, அவ அப்பன் வாங்கிக் குடுத்தது. அதுக்கு அப்பான்னு பேரு வச்சது புள்ளைதான், நான் இல்ல. சாமி சத்தியமா நான் இல்ல. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ‘அம்மாவ அழ வச்சது யாரு?’ன்னு. கேஸுன்னா ஒரு கேள்வி வேணுமா வேணாமா? புள்ளை யோசிச்சுப் பாத்துட்டுக் கரடியக் காட்டுச்சு. சரின்னு கரடியக் கூண்டுல ஏத்துனோம்.

கரடிக்கு நான்தான் குரல் குடுப்பேன். ‘நான் செய்யலீங்கய்யா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா’ம்பேன். கூண்டுல ஏறுன எவன் நான்தான் செஞ்சேன்னு சொல்லிருக்கான்? ஒடனே புள்ளை டின்னுல ஒரு தட்டு தட்டி ‘வாய்தா!’ங்கும். கரடியத் தூக்கி வாசப்படிக்கு வெளிய வச்சிருவேன். மறுநா மறுபடி கூப்புடுவோம். மறுபடி நான் செய்யல, மறுபடி வாய்தா. புள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு நா காலையில பாத்தா, கரடி அது பாயில கெடக்கு. போர்வைக்குள்ள, ஹெல்மெட்டோட. ‘என்ன தாயி, கேஸு முடியாம எதிரிய உள்ள கொண்டாரலாமா?’ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிச்சு. அப்பறம் அதுவே எடுத்துக்கிட்டுப் போயி வெளிய வச்சிருச்சு. சட்டம்னா அப்படித்தான் பழக்கணும். அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?

மருமகன் வராம இல்ல. வந்தான். மொதத் தடவ அவன் சித்தப்பனைக் கூட்டிக்கிட்டு, பழம், பூவு எல்லாம் எடுத்துக்கிட்டு வந்தான். நான் கேட்டைத் தெறக்கல. ‘நில்லுங்க, கூப்புடுறேன்’னேன். நின்னாங்க. நல்ல உச்சி வெயிலு. வந்தவனைச் செத்த நேரம் வெளிய நிக்க வச்சாத்தான் அவன் எடம் அவனுக்குத் தெரியும், கோர்ட்டுல நான் பாக்காததா? கடைசியில அவன் சித்தப்பன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு, இவனும் பின்னாலயே போயிட்டான். எம் மக அடுப்படியில ஒக்காந்து அழுதா. அவன் மேல இருந்த கோவத்துல அழுதிருப்பா.

அடுத்த தடவ ஒத்தையில வந்தான். கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, ‘மாமா, புள்ளைய மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்’னான். புள்ளை ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு அவனையே பாக்குது. அவனும் பாக்குறான். நான் வாயே தெறக்கல, அத நல்லாக் கேட்டுக்கங்க. புள்ளை அதுவாத்தான் ‘வாய்தா!’ன்னு கத்துச்சு. கணீர்னு தெருவே கேட்டிருக்கும். அவன் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சுக்கிட்டான். எங்க தெருவுல புழுதி ஜாஸ்தி.

ஊர்க்காரன் சும்மா இருப்பானா? மலைச்சாமி புள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டுறான்னு பேசுனானுக. தொட்டில ஆட்டுனவன் நான், சரி. கிள்ளுனது யாரு? கோயில்ல மைக்கு வச்சுக் கிள்ளுனது யாரு?

செக்கானூரணி தாண்டிருச்சா? இன்னைக்குன்னு பாத்து டிரைவர் பறக்குறான்.

அப்பறம் அவன் கேஸு போட்டான். புள்ளையப் பாக்க விட மாட்டேங்குறாங்கன்னு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். வாடா மகனே, என் எடத்துக்கே வர்றியான்னு நெனச்சேன். குடும்பக் கோர்ட்டுல பெஞ்சுல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க ஒண்ணும் கேக்காம, புள்ளைங்ககிட்டப் பேசிப் பாக்குற கவுன்சிலரம்மாகிட்ட அனுப்பிட்டாங்க. சின்ன ரூமு. செவுத்துல மீனு, பூனை படமெல்லாம். தரையில பாய விரிச்சுப் பொம்மைங்களப் பரப்பி வச்சிருக்கு. எம் மக ஒரு மூலையில, மருமகன் ஒரு மூலையில. என்னைய வெளிய நிக்கணும்னு சொல்லிட்டாங்க. கதவு பாதி தெறந்துதான் கெடந்துச்சு. வாசல்ல நிக்கிறது எனக்கென்ன புதுசா?

அந்தம்மா, ‘ஒனக்குப் புடிச்ச வெளையாட்டு வெளையாடு கண்ணு’ன்னுச்சு. எம் பேத்தி நாக்காலியில ஏறி ஒக்காந்துருச்சு. ஒக்காந்துக்கிட்டு அந்தம்மாவையே பாத்து, ‘ஐயா வந்தா எந்திரிக்கணும், எந்திரி’ன்னுச்சு. அந்தம்மா எந்திரிச்சிருச்சு தம்பி! புள்ளை பொம்மைங்கள்ல கரடியத் தேடுச்சு. அங்க கரடி இல்ல. சுத்தி முத்திப் பாத்துட்டு அப்பனைக் கை காட்டுச்சு. ‘நீ வா. கையக் கட்டி நில்லு.’

அவன் எந்திரிச்சு வந்தான். கையக் கட்டிக்கிட்டு நின்னான்.

‘அம்மாவ அழ வச்சது யாரு?’

அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். எல்லாப் பயலும் சொல்றதத்தான் சொல்லுவான்னு நிக்கிறேன். அவன் தரையப் பாத்தான், எம் மகளைப் பாத்தான். ‘நான்தாங்கய்யா. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புத்தான்’னான்.

புள்ளை முழிக்குது. தட்டுறதுக்குத் தூக்குன கை அப்படியே நிக்குது. கவுனு நுனி மறுபடி வாய்க்குப் போகுது. எங்க வெளையாட்டுல கரடி ஒரு நாளும் ஒத்துக்கிட்டதில்லையே, அதுக்கு மேல என்ன சொல்லணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? கதவுப் பக்கம் திரும்பி, ‘தாத்தா, ஒத்துக்கிட்டா என்ன சொல்லணும்?’னு கேட்டுச்சு.

ரூமுக்குள்ள இருந்தவங்க எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. எம் மக பாத்த பார்வை இருக்கே, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் பதில் சொல்லல. தெரியாம இல்ல. பெஞ்சு நடக்குறப்ப டவாலி குறுக்க பேசக் கூடாது, அதான். புள்ளை செத்த நேரம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் அப்பன் பக்கம் திரும்பி, சன்னமா, ‘அப்ப உள்ள வந்துரு’ன்னுச்சு.

எம் மக ஓன்னு அழுதுட்டா. அவன் முட்டி போட்டுப் புள்ளையக் கட்டிக்கிட்டான். கவுன்சிலரம்மா வெளிய வந்து, ‘பெரியவரே, இம்புட்டூண்டு புள்ளை தலையில தீர்ப்பத் தூக்கி வச்சுட்டீங்களே, தாங்குமா அது?’ன்னு கேட்டுச்சு. ‘அந்தப் புள்ளை வாயத் தெறந்ததே என்னாலதாம்மா’ன்னேன்.

நடிப்பு தம்பி, சுத்த நடிப்பு. தப்புன்னு சொன்னா காரியம் முடியும்னு எவனோ வக்கீலு சொல்லிக் குடுத்து அனுப்பிருக்கான். எம் மகளுக்கு அது புரியல. அன்னைக்கே கோர்ட்டு வராண்டாவுல அவன் பக்கத்துல போயி ஒக்காந்துட்டா. வீட்டுக்கு வந்து பெட்டியக் கட்டுனா. ‘இத்தன நாளு ஒங்கள ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா. எம் புள்ளைய வச்சே அவ அப்பனை வெளிய நிக்க வச்சுட்டீங்களே’ன்னா. வளத்த கடா மார்புல பாயுறதுங்கிறது இதுதான். அவளுக்கு ஆதரவா நின்னேன் பாருங்க, என்னையச் செருப்பாலயே அடிக்கணும்.

இப்ப வீட்டுல நான் ஒத்த ஆளு தம்பி. ஒரு கை அரிசி போட்டாலும் மிஞ்சிப் போகுது. யாருக்கு ஊட்டுறது? தெருவுல எந்தப் புள்ளையாவது தாத்தான்னு கத்துனா, எந்திரிச்சு வாசலுக்குப் போயி நின்னுட்டு வர்றேன்.

போன் வராம இல்ல. ஞாயித்துக்கெழமையானா பூங்கொடி பேசுவா. ‘வாங்கப்பா, வந்து எங்க கூடவே இருங்க, புள்ளை ஏங்குது’ம்பா. அவன் கூட வாங்கிப் பேசுனான், ‘மாமா, எப்ப வர்றீங்க, நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துர்றேன்’னு. அதெல்லாம் சரிதான். ஆனா எம் மக கடைசியில ஒண்ணு சொல்றா. ‘வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை, அன்னைக்கு அப்படி நிக்க வச்சது தப்புன்னு சொல்லிருங்கப்பா. அவர் கேக்கல, நான்தான் கேக்குறேன்’ங்கிறா. எப்படி இருக்கு பாருங்க! மாமனாரு மருமகன்கிட்டத் தப்புன்னு சொல்லணுமாம். ஒத்துக்கிட்டா அப்பறம் கேஸு ஏது? வாழ்நாள் பூராம் கோர்ட்டு வாசல்ல நின்னவனுக்கு இது கூடவா தெரியாது?

அதான் வக்கீலப் பாத்தேன். பேத்தியப் பாக்குறதுக்குத் தாத்தனுக்கும் பாத்தியதை உண்டு, மனு போடலாம். அவரு கூடச் சிரிக்கிறாரு. ‘அண்ணே, அவங்கதான் வா வாங்குறாங்களே, எதுக்கண்ணே மனு?’ங்கிறாரு. அவங்க வான்னா போறதுக்கு நான் என்ன விருந்தாளியா? ஆர்டரோட போகணும். ஆர்டரக் காட்டுனா எவனும் என்னைய வார்த்தை கேக்க முடியாது, இல்லையா?

போன ஞாயித்துக்கெழமை புள்ளைகிட்டக் குடுத்தாங்க. ‘தாத்தா, நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?’ன்னு கேக்குது. அவங்கம்மா பேசுனதக் கேட்டிருக்கும். ‘நான் ஒரு தப்பும் செய்யல தாயி’ன்னேன். அப்பறம், ‘தப்பு செஞ்ச அப்பாவே எங்கூட இருக்காரு, நீங்க ஏன் தாத்தா வரல?’ன்னு கேட்டுச்சு.

சின்னப் புள்ளை, அதுக்கு என்ன தெரியும்? போன வச்சுட்டேன்.

இந்தா, காளவாசல் வந்துருச்சு. கண்டக்டரே, எறங்கணும், ஆள் இருக்கு! என்ன தம்பி? ஒங்க கூடவேவா? ஆமாமா, இதே பஸ்சுல ஆரப்பாளையம் போனா பொழுது சாயுறதுக்குள்ள திருப்பூரு. தெரியும், தெரியும். நல்ல மனசு ஒங்களுக்கு. ஆனா வேணாம், வக்கீலு காத்துக்கிட்டிருப்பாரு. விடுங்க, கையப் புடிக்காதீங்க, புள்ளை முழிச்சிரும். நீங்க போங்க தம்பி. நான் ஜெயிச்சுட்டு, அப்பறம் போயி எம் பேத்தியப் பாத்துக்கிறேன்.